பால்வெளியைப் பார்க்க எங்கே போவது: சொந்த ஊரா, ஜவ்வாது மலையா, கொடைக்கானல் மேல்மலையா, ஹான்லேயா?

போன தை மாதம் தம்பி மகள் ஒரு கேள்வி கேட்டாள். "பெரியப்பா, பால்வெளி பார்க்கணும்னா லடாக்குக்குத்தான் போகணுமா?" பன்னிரண்டு வயது. அம்பத்தூர் மொட்டை மாடியில் என்னோடு நின்று எண்ணி, ஒரு இரவில் முப்பது விண்மீன்களுக்கு மேல் போக முடியாமல் சலித்துப்போனவள். அவள் அப்பா அதற்குள் லடாக்கின் லே நகரத்துக்கு விமானக் கட்டணம் பார்த்துவிட்டான். நான்கு பேர் குடும்பம். தொகையைப் பார்த்துவிட்டு, "ஜவ்வாது மலையிலேயே தெரியும்னு சொல்றாங்களே, அது போதுமா? இல்ல கொடைக்கானல்?" என்று என்னிடம் வந்தான்.

இதே கேள்வியைப் பல பேர் கேட்டிருக்கிறார்கள். இந்த நான்கு இடங்களிலும் இரவு முழுக்க வானத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன் என்பதால், தம்பிக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

எல்லாரும் முதலில் கேட்பது இருட்டைப் பற்றித்தான். வான இருட்டை அளக்க ஜான் பார்ட்டில் என்ற அமெரிக்க வானியல் ஆர்வலர் 2001 இல் ஒன்பது படிகள் கொண்ட அளவுகோல் ஒன்றைக் கொடுத்தார். 1 என்றால் அப்பழுக்கில்லாத இருட்டு. 9 என்றால் பெருநகரத்தின் நடுப்பகுதி. சென்னையில் பெரும்பாலான இடங்கள் 8, 9. லடாக்கில் உள்ள ஹான்லே 1. மற்ற மூன்று இடங்களும் இடையில் வரும். எந்தத் தெருவிளக்கிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்து ஒரே ஊருக்குள்ளேயே இரண்டு படிகள் வித்தியாசப்படும்.

எண்ணை விட்டுவிட்டுக் கண்ணாலேயே சோதிக்க நம்மிடம் இரண்டு நல்ல அடையாளங்கள் உண்டு. ஒன்று கார்த்திகை. சங்கப் பாடல்களில் இதன் பெயரே அறுமீன். சுமாரான வானத்தில் ஆறு தெரியும். நல்ல இருட்டில் நல்ல கண்ணுக்கு எட்டு, ஒன்பது தெரியும். சென்னையில் பல நாள் நான்குகூடத் தேறாது. இன்னொன்று பூசம். கடக ராசியில் அந்த இடத்தில் ஒரு விண்மீன் கூட்டம் இருக்கிறது. இருட்டான வானத்தில் அது சின்னப் பஞ்சுத் துணுக்குபோல வெறும் கண்ணுக்கே தெரியும். பூசத்தில் பஞ்சு தெரிந்தால் பால்வெளியும் தெரியும் என்று தைரியமாகச் சொல்லலாம்.

இரண்டாவது அளவுகோலைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. எனக்கோ அதுதான் பெரிது: நிற்கும் இடத்தின் அட்சரேகை. பால்வெளியிலேயே மிகப் பிரகாசமான பகுதி அதன் மையம். தனுசுக்கும் விருச்சிகத்தின் வாலுக்கும் நடுவில், தெற்கு வானத்தில் இருக்கிறது. வடக்கே போகப் போக அது அடிவானத்தை நோக்கி இறங்கிவிடும். அகத்தியர் நட்சத்திரமும் (ஆங்கிலத்தில் கனோபஸ்), நான்கு விண்மீன்கள் சேர்ந்த தெற்குச் சிலுவையும் அப்படித்தான். தமிழ்நாட்டில் பிறந்த நமக்கு இது கேட்காமலே கிடைத்திருக்கும் வசதி. ஒவ்வொன்றும் அதிகபட்சம் எத்தனை பாகை உயரத்துக்கு வரும் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன். அடிவானம் 0, உச்சந்தலை 90.

| பார்க்க வேண்டியது | கரிசல் காடு (விளாத்திகுளம் பக்கம்) | கொடைக்கானல் மேல்மலை | ஜவ்வாது மலை (காவலூர்) | ஹான்லே |
|---|---|---|---|---|
| பால்வெளியின் மையம் | 52 | 51 | 48 | 28 |
| ஒமேகா சென்டாரி கோளக் கொத்து (பந்துபோல் திரண்ட விண்மீன் கூட்டம்) | 33 | 32 | 30 | 10 |
| அகத்தியர் | 28 | 27 | 25 | 5 |
| தெற்குச் சிலுவை | 21 | 20 | 17 | தெரியாது |
| துருவ நட்சத்திரம் | 9 | 10 | 13 | 33 |
| ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலம் (கேலக்ஸி) | 58 | 59 | 61 | 82 |

கடைசி இரண்டு வரிசையில் மட்டும்தான் ஹான்லே ஜெயிக்கிறது. அங்கே சுற்றிலும் மலை என்பதால் 5 பாகையில் வரும் அகத்தியரைக் கணக்கில் சேர்க்க முடியாது.

மூன்றாவது, மேகம். அமாவாசையை ஒட்டிய ஏழெட்டு இரவுகள்தான் நமக்குப் பயன்படும். நிலா பாதி வளர்ந்துவிட்டாலே பால்வெளி வெளுத்துப் போகும். நம் பக்கம் ஜூனிலிருந்து டிசம்பர் வரை ஏதாவது ஒரு பருவமழை மேகத்தைக் கொண்டுவந்துவிடுகிறது. தை, மாசி, பங்குனி அமாவாசைகள்தான் நம்பிக்கையானவை.

நான்காவது, திரும்பப் போக முடியுமா என்பது. ஒரு இரவு மேகம் மூடினால் அடுத்த மாதம் இன்னொரு அமாவாசை வரும். அதற்கும் கிளம்பிப் போகக்கூடிய தூரமா, அல்லது வாழ்நாளில் ஒரே தடவையா? அப்புறம் உடம்பு, பாதுகாப்பு, செலவு. இவற்றை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

## சொந்த ஊர்

சொந்த ஊர் என்று ஒன்று வறண்ட மாவட்டத்தில் உங்களுக்கு இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். என் அம்மா ஊர் விளாத்திகுளத்துக்கு வடக்கே, கரிசல் காடு. ஊருக்குள் எல்.இ.டி. தெருவிளக்கு வந்ததிலிருந்து வீட்டு வாசலில் ஒன்றும் தெரிவதில்லை. பழைய சோடியம் விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தைவிட இந்த வெள்ளை வெளிச்சத்தில் நீலம் அதிகம். நீலம் காற்றில் அதிகமாகச் சிதறும். அதனால் விளக்கு சின்னதாக இருந்தாலும் வானம் வெளுக்கிறது.

ஆனால் ஊரைத் தாண்டி அரைக் கிலோமீட்டர் நடந்தால் மாமாவின் களம். அங்கே சோளத்தட்டைப் படப்பு ஒன்று ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். படப்புக்கு மறுபுறம், அதன் நிழலுக்குள் தார்ப்பாயை விரித்துப் படுத்துக்கொண்டேன். கடைசித் தெருவிளக்கு படப்புக்குப் பின்னால் போய்விட்டது. கால் மணி நேரம் போனதும் பூசத்தில் பஞ்சு தெரிந்தது. இன்னும் கால் மணி நேரத்தில், திருவாதிரைக்குக் கிழக்கே மங்கலான ஒரு பட்டை மேலிருந்து கீழே இறங்கியது. மார்கழி, தை மாதத்துப் பால்வெளி அது. கோடைக்காலத்து மையப் பகுதியைவிட ரொம்ப மெல்லியது. அது தெரிந்தது என்பதே பெரிய விஷயம். மாமா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "கமலை இறைக்கற காலத்துல கார்த்திகை சாஞ்சதப் பாத்துத்தான் மாடு பூட்டப் போவோம் மருமவனே" என்றார். அவர் கையை நீட்டிய இடத்தில் மிகச் சரியாக அறுமீன் இருந்தது.

இதற்கு ஆகும் செலவு பஸ் கட்டணம் மட்டும். பொங்கலுக்கு எப்படியும் போகிறோம், அந்தச் சமயத்தில் அமாவாசை எப்போது என்று தினசரி நாள்காட்டியைக் கிழித்துப் பார்த்தால் போதும். யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். இரண்டு மணிக்குத் தூக்கம் வந்தால் வீட்டுக்கு நடந்து போய்ப் படுக்கலாம்.

கண்ணுக்குத் தெரியாத செலவுகளும் உண்டு. பாம்பு முதலாவது. கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும். தரையில் நேரடியாகப் படுப்பதைவிடக் கயிற்றுக் கட்டில் நல்லது. நடக்கும்போது டார்ச் அடித்தே நடங்கள், கண் இருட்டுக்குப் பழகியது கெட்டாலும் பரவாயில்லை. அடுத்தது, தெற்கே எந்த ஊர் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அம்மா ஊருக்குத் தெற்கே தூத்துக்குடியின் வெளிச்சம் அடிவானத்தில் ஒரு குடைபோலத் தெரியும். அதனால் தெற்குச் சிலுவை 21 பாகைக்கு வந்தும் அதன் அடிப்பகுதி மங்கிப்போகிறது. தெற்கே கடலோ காடோ வெட்டவெளியோ இருக்கும் கிராமமாக இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர்.

சமவெளியின் புழுதியும் ஈரப்பதமும் இன்னொரு தடை. உச்சி வானம் தெளிவாக இருக்கும்போதே கீழ் இருபது பாகை பால் கலந்ததுபோல இருக்கும். இதற்கு மருந்து மலைதான்.

## ஜவ்வாது மலை

காவலூரில் வானாய்வகம் வந்ததற்குக் காரணமே மேலே உள்ள அட்டவணைதான். இந்திய வானியலாளர் வைணு பாப்பு, நிலநடுக்கோட்டுக்குப் பக்கமாக, தெற்கு வானமும் வடக்கு வானமும் சேர்ந்து தெரியும் இடமாகத் தேடினார். 1960களின் கடைசியில் 725 மீட்டர் உயரத்தில், காட்டுக்கு நடுவில் இந்த இடத்தில் வேலை தொடங்கியது. 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது அதற்கு வளையங்கள் இருப்பது தெரியவந்ததே, அந்த நிகழ்வை இங்கிருந்த ஒரு மீட்டர் தொலைநோக்கியாலும் பதிவு செய்தார்கள். 1986 ஜனவரியில் 2.34 மீட்டர் தொலைநோக்கி தொடங்கப்பட்டது. வானாய்வகமும் அந்தத் தொலைநோக்கியும் இப்போது அவர் பெயரில் இருக்கின்றன.

சென்னையிலிருந்து ரயிலில் வாணியம்பாடி, அங்கிருந்து ஆலங்காயம் வழியாகக் காவலூர். காலையில் கிளம்பினால் சாயங்காலத்துக்குள் மலையில் இருக்கலாம். வெள்ளிக்கிழமை அலுவலகம் முடித்துப் போய் ஞாயிற்றுக்கிழமை வீடு திரும்ப முடிகிற ஒரே மலை வானம் இதுதான் என்பேன். பொதுமக்களைச் சனிக்கிழமைகளில் வானாய்வகத்துக்குள் விடுவது வழக்கம். வானம் தெளிவாக இருந்தால் சிறிய தொலைநோக்கி வழியாகப் பார்க்கவும் விடுவார்கள். கிளம்புவதற்கு முன் அவர்கள் இணையதளத்தில் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு தவறான எண்ணத்தையும் இங்கே சரிசெய்ய வேண்டும். வானாய்வகம் இருப்பதால் அங்கே இரவு முழுக்கத் தங்கிப் பார்க்கலாம் என்று நினைத்துப் பலர் கிளம்புகிறார்கள். அது ஆய்வு நடக்கும் இடம். உங்கள் இரவை ஜமுனாமரத்தூர் பக்கமோ மலையில் வேறொரு கிராமத்திலோ தங்கிக்கொண்டுதான் கழிக்க வேண்டும். காட்டு ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டுப் படுத்துக்கொள்ளலாம் என்று எண்ணாதீர்கள். இது சந்தன மரம் வளரும் மலை. இரவில் விளக்கை அணைத்து நிற்கும் வண்டியைப் பார்த்தால் வனத்துறையினர் விசாரிக்கத்தான் செய்வார்கள், அது அவர்கள் வேலை. கரடியும் உண்டு. தங்குமிடத்துக்காரரிடம் முன்கூட்டியே பேசி, மொட்டை மாடியோ சாமை அறுத்த வயலோ கேட்டு வாங்குங்கள். இரவு வெளி விளக்குகளை அணைப்பார்களா என்பதையும் கேளுங்கள். ஒருமுறை நான் தங்கிய இடத்தில் தோட்டம் முழுக்க அலங்கார விளக்கு. பாதுகாப்புக்கு என்று சொல்லி விடியும்வரை அணைக்கவே இல்லை. சொந்த ஊரில் பார்த்ததைவிடக் குறைவாகத்தான் அன்று பார்த்தேன்.

ஆனால் அடுத்த வருடம் மாசி அமாவாசையில் ஒரு மலைக்கிராமத்து வீட்டு மாடியில் கிடைத்த விடியல் மறக்காது. நாலு மணி. தெற்கே சிலுவை வலப்புறம் சாயத் தொடங்கியிருந்தது. அதற்கு இடப்பக்கம் மேலே ஒரு விண்மீன், ஆனால் முனை மழுங்கிப் புகைந்ததுபோல. 10x50 (பத்து மடங்கு பெரிதாக்கும், 50 மி.மீ. முன்கண்ணாடி கொண்ட) பைனாகுலரை நெஞ்சின் மேல் முழங்கையை ஊன்றிப் பிடித்தேன். பனியில் முன்கண்ணாடி வேர்த்திருந்தது, துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி பார்த்தேன். ஒமேகா சென்டாரி. பல லட்சம் விண்மீன்கள் சேர்ந்த பந்து, ரவையை ஒரு இடத்தில் குவித்துவைத்து ஓரங்களை லேசாகச் சிதறவிட்டதுபோல இருந்தது. ஐரோப்பாவில் பெரும்பாலான இடங்களில் இருப்பவர்கள் இதைப் பார்க்கக் கடல் கடந்து தெற்கே போக வேண்டும். கிழக்கே திரும்பினால் விருச்சிகத்தின் வால் முழுதாக எழுந்திருந்தது. மூலம் கூர்மையாகத் தெரிந்தது. அதன் பக்கத்தில் பால்வெளியின் மையம், சுண்ணாம்புக் கையால் சுவரில் தேய்த்ததுபோல.

குறை என்றால் இருட்டுதான். சுற்றிலும் உள்ள ஊர்கள் வளர்ந்துவிட்டன. வாணியம்பாடி, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று ஒவ்வொரு திசையிலும் அடிவானத்தில் வெளிச்சம் தெரியும். 725 மீட்டர் என்பது பெரிய உயரமும் அல்ல, பனிமூட்டம் ஏறிவந்துவிடும். ஏப்ரல் முடிவதற்குள் போய் வந்துவிடுங்கள்.

## கொடைக்கானல் மேல்மலை

கொடைக்கானல் நகரத்தில் பார்க்கலாம் என்றால் வேண்டாம். விடுதிகளின் வெளிச்சம் ஏரி மேல் வரை பரவியிருக்கிறது. அங்கே உள்ள புகழ்பெற்ற வானாய்வகமும் சூரியனை ஆய்வதற்கானது. நான் சொல்வது நகரத்தைத் தாண்டி மேற்கே பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கிளாவரை என்று போகும் மேல்மலைக் கிராமங்கள்.

இங்கே கிடைப்பது தெளிவு. சமவெளிப் புழுதி முழுக்க நமக்குக் கீழே படிந்துவிடுகிறது. மேலே காற்று கழுவிவிட்டதுபோல இருக்கும். ஜவ்வாது மலையில் 17 பாகைக்கு வரும் சிலுவை மங்கலாக நிற்கும். இங்கே 20 பாகைக்கு வருவது மட்டுமல்ல, நான்கு விண்மீனும் பளிச்சென்று குத்தும். நான் பார்த்த அகத்தியர்களிலேயே வெள்ளை வெளேரென்று நின்றது பூம்பாறையில்தான். தமிழ்நாட்டுக்குள் வானத்தின் தரம் ஒன்றை மட்டும் கேட்டால் மேல்மலைக்குத்தான் என் ஓட்டு.

ஆனால் வரும் என்று நம்ப முடியாத வானம் அது. மூன்று முறை போனேன், ஒருமுறைதான் முழு இரவு கிடைத்தது. சாயங்காலம் ஆறு மணிக்குக் கண்ணாடிபோல இருக்கும். எட்டு மணிக்குப் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி படியேறி வந்து, எதிர்வீட்டுச் சுவரைக்கூட மறைத்துவிடும். இரண்டு மணிக்குக் கலையும், ஆனால் அதற்குள் நாம் தூங்கியிருப்போம். அலாரம் வைத்து ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கதவைத் திறந்து பார்க்கும் பொறுமை உள்ளவர்களுக்கான இடம் இது. குறைந்தது மூன்று இரவாவது ஒதுக்குங்கள்.

செலவு ஜவ்வாது மலையைவிட அதிகம். வார இறுதிகளில் தங்குமிட வாடகை ஏறிவிடும். 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்குள் வண்டி போக இ-பாஸ் வேண்டும், அது இலவசம்தான், கிளம்புவதற்கு முன் எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் காட்டுமாடு சாலையில் நிற்கும். பகலில் போட்டோ எடுக்க நிற்கிற அதே மாடு இருட்டில் திடீரென்று முட்ட வரும். ஆகவே தங்கும் வீட்டு வளாகத்தைவிட்டு வெளியே போக வேண்டாம். குளிர் தை மாதத்தில் எலும்பில் இறங்கும். சமவெளிக்காரர்கள் ஒரு ஸ்வெட்டரோடு வந்து ஒரு மணி நேரத்தில் உள்ளே ஓடிவிடுகிறார்கள். அசையாமல் படுத்திருப்பவருக்கு நடப்பவரைவிட இரண்டு மடங்கு துணி வேண்டும்.

## ஹான்லே

இனி எல்லாரும் கேட்கும் இடம். லடாக்கில், லேயிலிருந்து சுமார் 250 கிலோமீட்டர், சிந்து நதியை ஒட்டிப் போகும் சாலையில் ஒரு முழுப் பகல். ஊரே 4200 மீட்டருக்கு மேல். அதற்கு மேலே மலை உச்சியில் 4500 மீட்டரில் இந்திய வானாய்வகம். அங்கே உள்ள 2 மீட்டர் சந்திரா தொலைநோக்கியைப் பெங்களூரு அருகே ஹோஸ்கோட்டேயில் உட்கார்ந்து செயற்கைக்கோள் வழியாக இயக்குகிறார்கள். ஆண்டுக்குச் சுமார் 260 இரவுகள் ஆய்வுக்குத் தோதாக இருக்கின்றன. 2022 இல் சுற்றுவட்டாரம் 1073 சதுர கிலோமீட்டரை இருள்வானக் காப்பகமாக அறிவித்தார்கள். இந்தியாவில் இதுவே முதல். வீடுகளில் கனமான திரைச்சீலை, இரவில் வண்டி விளக்குக்குக் கட்டுப்பாடு என்று ஊரே சேர்ந்து இருட்டைக் காக்கிறது. உள்ளூர்க்காரர்கள் 24 பேருக்குப் பயிற்சியும் தொலைநோக்கியும் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் தங்கினால் இரவில் அவர்களே காட்டுவார்கள். இருட்டைக் காப்பதால் கிராமத்துக்குச் சோறு கிடைக்கிறது. இந்த ஒன்றுக்காகவே ஹான்லேயை எனக்குப் பிடிக்கும். ஜவ்வாது மலையிலும் இப்படி ஒரு ஏற்பாடு வர வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

செப்டம்பரில் நான்கு இரவு இருந்தேன். ஒரு இரவு மேகம். மற்ற மூன்றும் வேறு உலகம். சாயங்காலம் எட்டரை மணிக்கே பால்வெளி உச்சந்தலையில் இருந்தது, அதன் நடுவே ஓடும் கறுப்புப் பிளவோடு. வடகிழக்கில் ஆண்ட்ரோமெடா ஏறிக்கொண்டிருந்தது. நம் ஊரில் கண்ணைச் சுருக்கித் தேட வேண்டிய அது, நீள்வட்டமாகத் தானாகவே கண்ணில் பட்டது. விடிவதற்கு முன் கிழக்கில் கோபுரம்போல ஒரு வெளிச்சம் எழுந்தது. சூரியக் குடும்பத்தில் மிதக்கும் தூசியில் சூரிய ஒளி பட்டுத் தெரிவது அது. அவ்வளவு தெளிவாக அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

ஆனால் பால்வெளியின் மையம் தென்மேற்கு மலை விளிம்புக்குக் கொஞ்சம் மேலே நின்று, சீக்கிரம் மறைந்துவிட்டது. நான் காவலூர் பக்கம் பார்த்த உயரம் வரவே இல்லை.

இன்னொரு விஷயத்தை யாரும் முன்னாலேயே சொல்லவில்லை. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 60 சதவீதம்தான். இருட்டில் பார்க்க உதவும் விழித்திரைச் செல்களுக்கு ஆக்சிஜன் நிறைய வேண்டும். அது குறைந்தால் முதலில் மங்குவது இரவுப் பார்வைதான். உலகத்திலேயே நல்ல வானத்தின் கீழ், கொஞ்சம் பலவீனமான கண்ணோடு நிற்கிறோம். ஆழமாக மூச்சு இழுத்துவிட்டுப் பார்த்தால் மங்கல் விண்மீன்கள் கூடுவதை நானே உணர்ந்தேன்.

மறைந்திருக்கும் செலவுகள் இங்கேதான் அதிகம். விமானத்தில் லேயில் இறங்கியதும் இரண்டு மூன்று நாள் சும்மா உட்கார்ந்து உடம்பைப் பழக்க வேண்டும், அந்த நாள்களுக்கும் அறை வாடகை உண்டு. உடம்பைப் பழக்காமல் நேராகப் போனவர்கள் தலைவலியோடும் வாந்தியோடும் இரவைப் போர்வைக்குள் கழித்ததைப் பார்த்திருக்கிறேன். இதய, நுரையீரல் தொந்தரவு இருந்தால் மருத்துவர் சம்மதம் இல்லாமல் போகவே கூடாது. பெரிய மருத்துவமனை லேயில்தான். லேயிலிருந்து வாடகை வண்டி தனிச் செலவு. தமிழ்நாட்டு ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். எல்லைப் பகுதி என்பதால் அனுமதிச் சீட்டு விதிகள் அவ்வப்போது மாறும், லேயில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு விதியே வேறு, டிக்கெட் எடுப்பதற்கு முன் விசாரிப்பது அவசியம்.

முதல்முறை வானம் பார்ப்பவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே விண்மீன்கள் ரொம்ப அதிகம். சப்தரிஷி மண்டலம் எங்கே, கேட்டை எங்கே என்று பழகாத கண் அந்தக் கூட்டத்துக்குள் வடிவங்களைத் தொலைத்துவிடும். கொஞ்சம் வெளிச்சம் கலந்த வானத்தில் பிரகாசமானவை மட்டும் தெரிவதால் அங்கே பெயர் சொல்லிப் பழகுவது சுலபம்.

## பட்டியலில் சேர்க்காதவை

தனுஷ்கோடியைப் பலர் கேட்பார்கள். மூன்று பக்கமும் கடல், தெற்கே வெளிச்சமே இல்லை, நியாயப்படி தமிழ்நாட்டிலேயே சிறந்த இடமாக இருக்க வேண்டும். ஆனால் மாலைக்கு மேல் அங்கே யாரையும் இருக்க விடுவதில்லை. ராமேஸ்வரம் பக்கம் நின்றால் ஊர் வெளிச்சம். மகாராஷ்டிரத்தின் பெஞ்ச் புலிகள் காப்பகத்துக்கு 2024 ஜனவரியில் சர்வதேச இருள்வானப் பூங்கா அங்கீகாரம் கிடைத்தது. நாக்பூர் பக்கம் வேலையாகப் போகிறவர்கள் பார்த்துவிட்டு வரலாம், இதற்காகவே இங்கிருந்து கிளம்பச் சொல்ல மாட்டேன். ஏலகிரியும் ஏற்காடும் இப்போது விடுதி வெளிச்சத்தில் மூழ்கிவிட்டன.

## யாருக்கு எது

சின்னக் குழந்தைகளோ வயதானவர்களோ கூட வந்தால் சொந்த ஊர்தான். அவர்கள் ஒன்பது மணிக்குத் தூங்கப் போகலாம், நீங்கள் தொடரலாம். வேலைக்குப் போகிறவர், வருடத்துக்கு மூன்று வார இறுதி ஒதுக்க முடியும் என்றால் ஜவ்வாது மலை. மூன்றில் ஒன்றாவது தெளிவாக அமையும். கேமரா வைத்திருப்பவர், நாலைந்து நாள் விடுப்பு கிடைப்பவர், பனிமூட்டத்தைச் சபிக்காதவர் மேல்மலைக்குப் போங்கள். நாற்பது விண்மீன்களையாவது பெயர் சொல்லிக் காட்டத் தெரிந்தபிறகு ஹான்லே. உடம்பு நன்றாக இருக்கும்போதே, செப்டம்பரிலோ அக்டோபர் தொடக்கத்திலோ அமாவாசை பார்த்து, குறைந்தது மூன்று இரவு.

எங்கே போனாலும் ஒரே வேலை. சிவப்பு செலோபேன் தாளை இரண்டு மடிப்பாக டார்ச் மேல் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள். கண் முழுக்க இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும். நடுவில் ஒருமுறை போனைத் திறந்தால் திரும்பவும் முதலிலிருந்து. தொலைநோக்கி இப்போதைக்கு வாங்க வேண்டாம், 7x50 அல்லது 10x50 பைனாகுலர் ஒன்று போதும்.

தம்பி குடும்பத்துக்கு நான் சொன்னது இதுதான். லேவுக்கு டிக்கெட் எடுக்காதே. மாசி அமாவாசைக்கு ஜவ்வாது மலையில் இரண்டு இரவு. சாயங்காலம் எட்டிலிருந்து பத்து வரை கார்த்திகை, ரோகிணி, திருவாதிரை, தெற்கே அகத்தியர். அப்புறம் தூக்கம். மூன்று மணிக்கு அலாரம். எழுந்து தெற்கே பார்த்தால் சிலுவையும் ஒமேகா சென்டாரியும் இருக்கும், தென்கிழக்கில் பால்வெளியின் மையம் ஏறிக்கொண்டிருக்கும். ஐந்தே கால் வரை நேரம் இருக்கிறது.

முதல் இரவு மேகம். இரண்டாவது இரவு மூன்று மணிக்கு அவளை எழுப்பியதும் கண்ணைக் கசக்கிக்கொண்டு மாடிப்படியில் ஏறினாள். மேலே போய் ஐந்து நிமிடம் பேச்சே இல்லை. பிறகு கிழக்கே கையைக் காட்டி, "பெரியப்பா, அங்க மட்டும் மேகம் இருக்கே" என்றாள்.

அது மேகம் இல்லை கண்ணு என்றேன்.